உச்சி வெயிலில் ஒரு பாவு

ஆரணிப் பட்டு நெசவாளர் மாணிக்கவேல் கோபக்காரர். தெருக்காரர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டபோது முதல் கையெழுத்து அவருடையது.

தெருக்கோடிப் புறம்போக்கில் விளையாட்டு அரங்கம் கட்ட அந்தப் பல்கலைக்கழகம் இடம் கேட்டது. விடியற்காலையில் நெசவாளர்கள் தறியில் ஏற்றும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் இடம் அது. ‘யாரும் பயன்படுத்தாத நிலம்’ என்றார்கள் கோர்ட்டில். நேரில் பார்க்க ஓர் ஆணையரை அனுப்பியது கோர்ட்.

காலையில் வருவதாகச் சொன்ன ஆணையர் உச்சி வெயிலில் வந்தார். அதற்குள் எல்லாரும் வழக்கம்போலப் பாவைச் சுருட்டி, பிள்ளைகள் தடுக்கி விழாதிருக்க அதைக் கட்டும் முளைகளையும் பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஆணையர் வெறுந்தரையைப் படம் எடுத்தார்.

“இன்னிக்கு எதுக்குடா புடுங்கின?” பக்கத்து வீட்டுத் தனசேகரனிடம் சீறினார் மாணிக்கவேல்.

“டெய்லி புடுங்கறதுதானே மாமா. கை தானா போயிடுச்சு.”

மாணிக்கவேல் வீட்டுக்குள் போய்த் தன் பாவைத் தூக்கிவந்தார்.

“கல்யாணப் பொடவைக்குப் போட்ட பாவுங்க அது. வெயில்ல மொத்தமும் அறுந்துபூடும்” என்றாள் மனைவி கன்னியம்மாள்.

“போவட்டும். அந்தப் பக்கம் புடி.”

இருவரும் முளைகளைத் திரும்ப அடித்து, வழிக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினார்கள். இழைகள் அறுந்தன. முடிச்சுப் போட அவர் குனியவில்லை. பாவுக்கு அப்பால் மாட்டிக்கொண்ட ஆணையரின் கார் ஹாரன் அடித்தது.

“பெரியவரே, கொஞ்சம் தூக்குங்க” என்றான் டிரைவர்.

“இங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்லிகினு இருக்காங்களே. அப்புறம் எதுக்கு ஹாரன்? உங்க சாரை எறங்கி இதையும் படம் எடுக்கச் சொல்லு.”

ஆணையர் இறங்கினார், எடுத்தார். கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. மாணிக்கவேல் செத்துப்போனார். வழக்கு இப்போது கன்னியம்மாள் பெயரில் நடக்கிறது.