கொட்டியாச்சு

சுஜீதா எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிற பெண். ருவான்வெல்லைக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் மேல் லயம், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். பெரியவர்களிடம் அவளைப் பற்றிக் கேட்டால், "பஞ்சவர்ணத்தோட மகதானே, வேலைக்குப் போறா வாறா" என்று முடித்துக்கொள்வார்கள். பிள்ளைகளிடம் கேட்டால் அப்படி முடியாது. 2008இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. பிள்ளைகளுக்கு அவளை விடப் பெரிய ஆள் அந்த மலையிலேயே கிடையாது.

காரணம் ஒரு கார்ட்டூன். ஜப்பானிலிருந்து வந்தது. சனிக்கிழமைகளில் சிங்களத்தில் பேசிக்கொண்டு ஓடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் இரவில் விளக்கேந்திய வீராங்கனைகளாக மாறி, நிழல்களோடு சண்டை போடுவார்கள். அவர்களில் மூத்தவளுக்கு ஆள் உயரத்தில் ஒரு விளக்குத்தண்டு. அவளோடு எப்போதும் ஓடிவரும் சின்னவளின் கையில், இதுவரை ஒரு தடவையும் எரியாத ஒரு கைவிளக்கு. மூத்தவளுக்குச் சிங்களத்தில் ஏதோ நீளமான ஜப்பான் பெயர். லயத்துப் பிள்ளைகளுக்கு அவள் விளக்கக்கா.

தொலைக்காட்சி வேறு வீடுகளிலும் இருந்தது. ஆனால் சுஜீதாவின் காம்பராவில்தான் விளக்கக்கா தமிழ் பேசினாள். பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, சிங்களம் வரவர சுஜீதா தமிழில் சொல்லுவாள். நிழலுக்கு ஒரு கரகரத்த குரல், சின்னவளுக்கு மூக்கால் ஒரு குரல், விளக்கக்காவுக்கு மட்டும் அவளுடைய சொந்தக் குரல். பதின்மூன்று வயதில் கேகாலையில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போய், மூன்று வருஷம் அங்கேயே இருந்தவள். அந்த வீட்டுச் சிங்களம் அவள் நாக்கில் அப்படியே ஒட்டியிருந்தது.

விளக்கக்கா தண்டைச் சாய்த்து நிழலின் தலையில் வெளிச்சத்தை ஊற்றும்போது சிங்களத்தில் ஏதோ மந்திரம் மாதிரிச் சொல்லுவாள். முதல் நாள் சுஜீதாவுக்கு அதற்குத் தமிழ் வரவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் நிறுக்கிற இடத்தில் வாளியைத் தொட்டியில் கவிழ்த்ததும் கணக்கப்பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி எல்லோரும் கத்துவார்களே, அதையே கத்திவிட்டாள்.

"கொட்டியாச்சு!"

பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அதுதான் மந்திரம். லயத்து வாசலில், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் ஒரு பிள்ளை ஒரு குச்சியைச் சாய்த்து, கொட்டியாச்சு.

எல்லோரிலும் அதிகமாகக் கத்தியவள் அருள்செல்வி. பாக்கியநாதனின் மகள், பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவள். சுஜீதா நடக்கிற மாதிரி நடந்து, சுஜீதா மாதிரியே பின்னலை முன்னால் போட்டுக்கொள்வாள். சுஜீதா வேலைக்குப் போகும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வரை போவாள்.

"அக்கா, உங்களுக்கு எதுக்குமே பயம் வராதா?"

"வராதுடி. எனக்கு எங்க நேரம்?"

அருள்செல்வி அதை அப்படியே நம்பினாள்.

அந்த வருஷம் பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் ஏறுகிற சின்னப் பாலத்தடியில் ஊர்காவல் படைக்காரர் இருவரை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள்தான். ஒருவர் நரைத்தவர், மற்றவன் மீசை இப்போதுதான் முளைத்தவன். ஆளுக்கொரு துவக்கு. சாயங்காலம் பொலிஸ் ஜீப் ஒன்று வந்து விசாரித்துவிட்டுப் போகும். கீழ்ப் பிரிவிலிருந்து அந்த ஜீப்பில் ஏற்றிப்போன நாகலிங்கம் இன்னும் திரும்பவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை. கார்ட்டூனில் விளக்கக்காவுக்கு நெஞ்சில் அடி. தண்டு முறிந்து விழுந்ததோடு அன்றைய பாகம் முடிந்தது. அருள்செல்வியால் தாங்க முடியவில்லை. விளக்குமாற்றுக் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், லயத்துக்குக் கீழே வளைவில் நின்று, பள்ளத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கொட்டியா...ச்சு! கொட்டியா...ச்சு!"

சிங்களத்தில் கொட்டியா என்றால் புலி; இயக்கத்துப் புலிகளுக்கும் அதே சொல்தான். பாலத்தடிக்கு அந்தச் 'ச்சு' போய்ச் சேரவில்லை.

இருவரும் துவக்கோடு மேலே ஏறி வந்தபோது ஆண்கள் யாரும் லயத்தில் இல்லை. சம்பள வாரம், எல்லோரும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அருள்செல்வி ஓடிவந்து சுஜீதாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போ. வாயத் திறக்காத," என்று அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு சுஜீதா வாசலுக்கு வந்தாள்.

"புலின்னு கத்தினது யாரு?" இளையவன் சிங்களத்தில் கேட்டான்.

"நான்தான் மாத்தியா. அது புலி இல்ல. எங்க பாஷைல வேற அர்த்தம்."

அவன் அர்த்தத்தைக் கேட்கவில்லை. அவள் பேசிய விதத்தைத்தான் கேட்டான். "நீ எந்த ஊரு?"

"இதே லயம்தான்."

"பொய். லயத்துப் பொண்ணு இப்படிச் சிங்களம் பேசாது. டவுன்காரி மாதிரிப் பேசுறே. எவன் பழக்கிவிட்டான்? அடையாள அட்டை எங்க?"

"இன்னும் வரல்ல."

அவன் நரைத்தவரைத் திரும்பிப் பார்த்தான். "பார்த்தீங்களா அண்ணே? அட்டை இல்ல, சிங்களம் மட்டும் சுத்தமா இருக்கு."

நரைத்தவர் கீழே போகலாம் என்று கையைக் காட்டினார். ஜீப் வரட்டும், ஸ்டேஷனில் போய்ச் சொல்லட்டும் என்பது அதன் பொருள். பஞ்சவர்ணம் அவர்கள் காலில் விழுந்தாள். சுஜீதா அம்மாவைத் தூக்கி நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தாள். நிமிர்ந்துதான் நடந்தாள். கதவிடுக்கால் பார்த்த பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லுவார்கள்.

அருள்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றாள். வாயைத் திறக்காதே என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஆனால் ஜீப் வந்தால் அக்கா போய்விடுவாள். பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, அவள் பின்பக்கத்தால் இறங்கி, றப்பர் மரங்களுக்குள்ளே குறுக்கே ஓடினாள். ஓடும்போதே கார்ட்டூனில் கேட்ட சிங்களத்தையெல்லாம் கூட்டி ஒரு வசனம் செய்தாள். கத்தினது நான். கே கெஹுவே மம. அதையே சொல்லிச் சொல்லி ஓடினாள்.

பாலத்தடியில் சுஜீதா கட்டைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். இளையவன் சுவர்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க வந்து நின்ற பிள்ளை சொன்னாள்:

"கே கெஹுவே மாமா!"

இளையவன் ரோட்டை விட்டுத் திரும்பினான்.

மம என்று குறுக்கிச் சொன்னால் சிங்களத்தில் நான். மாமா என்று நீட்டினால் நமக்கு என்னவோ அதுதான் அவர்களுக்கும். கத்தினது மாமா என்று பிள்ளை சொல்லிவிட்டாள்.

"மாமாவா?" இளையவன் துவக்கைக் கையில் எடுத்தான். "எந்த மாமா? எங்க இருக்கான்?"

அருள்செல்விக்கு அவன் கேட்டது புரியவில்லை. தன்னை நம்பவில்லை என்று நினைத்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, "மாமா! மாமா!" என்றாள்.

"அண்ணே, ஒரு ஆம்பள இருக்கான் மேல. இவ அவனைத்தான் மறைக்கிறா. நான் அப்பவே சொன்னேன்ல?"

நரைத்தவரும் எழுந்துவிட்டார். அவர் பார்வை மேலே, லயத்துப் பக்கம் போனது. இனி ஜீப் வந்தால் அது பாலத்தடியில் நிற்காது, லயம் வரை ஏறும். கடைவீதியிலிருந்து ஆண்கள் திரும்பிவருகிற நேரம். பாக்கியநாதனும் வருவான், பிள்ளையைத் தேடி நேரே இங்கேதான் வருவான்.

"அருளு, அது மா—"

"தமிழ் பேசாத!" இளையவன் கத்தினான். "ஜாடை காட்டுறியா?"

சுஜீதா வாயை மூடினாள். பிள்ளையைத் திருத்தினால் கத்தியது பிள்ளைதான் என்று ஆகிவிடும். திருத்தாவிட்டால் இல்லாத ஒரு மாமாவுக்காக லயமே சோதனை. அவள் சிங்களத்தில் நரைத்தவரிடம், "சிங்களத்துலயே சொல்றேன் மாத்தியா. ஒரே ஒரு சொல்லு," என்றாள். அவர் தலையசைத்தார்.

சுஜீதா தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்து, வெட்டிய மாதிரிச் சொன்னாள். "மம."

"மாமா," என்றாள் பிள்ளை.

"மம."

"மாமா."

இளையவன் பல்லைக் கடித்தான். சுஜீதா குனிந்து, பிள்ளையின் நெஞ்சில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள், எழுத்துக்கு ஒன்றாக. "ம. ம."

அருள்செல்வியின் முகம் மாறியது. "மம," என்றாள். பிறகு நரைத்தவரைப் பார்த்து, மெதுவாக, "கே கெஹுவே மம."

நரைத்தவர் சுஜீதாவிடம் திரும்பினார். "அப்ப நீ சொன்னது பொய்."

"ஆமா மாத்தியா."

"ஏன்?"

"அவளுக்குப் பதினொரு வயசு."

"பொய் சொல்றவ அர்த்தத்தையும் பொய்யாத்தான் சொல்லுவா," என்றான் இளையவன். "பிள்ளைகிட்டயே கேளுங்க. இவ வாயத் திறக்கக் கூடாது."

நரைத்தவர் பிள்ளைக்கு முன்னால் குந்தினார். கொட்டியா என்றால் என்ன என்று, பாதி சிங்களமும் கையசைவுமாகக் கேட்டார். அருள்செல்விக்குக் கேள்வி புரிந்தது. பதிலுக்குத்தான் சிங்களம் இல்லை. வழக்கம்போல அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை முழங்காலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது, காற்றே இல்லாமல். அதன் பின்பக்கம் கறுப்பாக நனைந்து, ஒரு கோடு செருப்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

அருள்செல்வி அதைப் பார்த்தாள். பிறகு சுவரடிக்குப் போய், இளையவனின் கோப்பையை எடுத்து, அவன் கண் முன்னாலேயே ரோட்டில் கவிழ்த்தாள். தேத்தண்ணி தூசியில் ஓடியது. கடைசிச் சொட்டு வரை கோப்பையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"கொட்டி-யாச்சு," என்றாள். அந்த 'ச்சு'வை நன்றாக அழுத்தினாள்.

"ஏய்!" என்றான் இளையவன்.

நரைத்தவர் வெறும் கோப்பையைப் பார்த்தார், நனைந்த தூசியைப் பார்த்தார். அவருக்குத் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. சிரிப்புத்தான். "உன் புலியைக் கொட்டிட்டாடா," என்றார்.

"சீனி போட்டிருந்தேன் அண்ணே!"

அப்போது ஜீப்பின் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது. ஜீப் வேகம் குறைத்து, நிற்காமல், அவர்களுக்குப் பக்கத்தில் ஊர்ந்தது. முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் ஏதாவது உண்டா என்று கேட்டது. இளையவன் நரைத்தவரைப் பார்த்தான். சுஜீதா பிள்ளையின் கையை எலும்பு வலிக்கப் பிடித்திருந்தாள்.

"ஒன்றுமில்லை சேர்," என்றார் நரைத்தவர். "தோட்டத்துப் பிள்ளைகள். தேத்தண்ணி கொண்டுவந்தாங்க."

ஜீப் போய்விட்டது. அவர் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சுஜீதாவிடம் சொன்னார். "அந்தச் சொல்லு இந்தப் பக்கம் இனிக் கேக்கக் கூடாது. எல்லா நாளும் நான் இருக்கமாட்டேன். இவன் இருப்பான்."

பிறகு அந்தச் சொல் பால் நிறுக்கிற இடத்திலும் நின்றுபோனது. கணக்கப்பிள்ளை எல்லோரையும் கூட்டி, இனி ஊத்தியாச்சு என்று சொல்லுங்கள் என்றார். பழக்கத்தில் பாதியில் நிறுத்தி நாக்கைக் கடித்தவர்கள் உண்டு. அது திங்கட்கிழமைக் கதை.

அன்று அவர்கள் வளைவு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். வளைவு திரும்பி, பாலம் மறைந்ததும், சுஜீதா வடிகான் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா."

"பார்த்துட்டியா?"

"ம்."

"யாருட்டயும் சொல்லாத, அருளு." குரல் உடைந்தது. "பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா சிரிக்கும்."

"எப்ப இருந்து பயந்தீங்க?"

"செருப்பு மாட்டினப்பவே." சுஜீதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்ன யாருடி வரச் சொன்னது? உள்ள இருன்னு சொன்னேன்ல? மாமாவாம் மாமா! அறைஞ்சிருப்பேன்."

"நான் ஓடி வாறப்ப சரியாத்தான் சொன்னேன் அக்கா. அங்க வந்ததும்தான் நீண்டுபோச்சு."

சுஜீதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மேலே லயத்தில் குரல்கள் கேட்டன. பஞ்சவர்ணம், திரும்பிவந்த ஆண்கள், பிள்ளைகள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். சுஜீதா பாவாடையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். மறைக்க முடியவில்லை.

"நீங்க முன்னால நடங்க," என்றாள் அருள்செல்வி.

அவள் சுஜீதாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பைக் கட்டிப்பிடித்தபடியே நடந்தாள். பயந்துபோன பிள்ளை அக்காவை விடமாட்டேன் என்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாக்கியநாதன் மகளைப் பிரித்துத் தூக்க வந்தபோது அவன் கையைக் கடித்தாள். கூட்டத்துக்கு நடுவில், அப்படியே, காம்பரா வாசல் வரை போனார்கள். சுஜீதா உள்ளே போனதும் அருள்செல்வி கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வெளியே அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா என்ன சொன்னாங்க? துவக்கக் கண்டு பயப்படவே இல்லையா?"

உள்ளே வாளியில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் நின்றது.

"எல்லாம் சிங்களத்துலதான் பேசினாங்க," என்றாள் அருள்செல்வி. "உக்காருங்க, நான் தமிழ்ல சொல்றேன்."