பூஜையிலிருந்து இறங்காத டைப் மெஷின்

வேதா எங்கள் சங்கத்துக்கு வந்த நாலாம் நாள், ஒரு ஜோடி புதுச் செருப்பை என் முன்னால் கழற்றி வைத்தாள். "எல்லம்மாக்கா, இது என் காலைக் கடிக்குது. ஒரு மாசம் நீங்க போட்டுப் பழக்கிக் குடுங்க" என்றாள். சித்திரை மாசம். நான் வெறுங்காலோடு குடம் சுமந்து கொதிக்கிற ரோட்டில் வருவதைப் பார்த்திருக்கிறாள். மாசம் முடிந்து திருப்பிக் கொடுத்தேன். "இப்ப லூசாயிடுச்சு, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சங்கம் என்றால், விவசாயிகள் மணிலாக்கொட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை கொண்டுவந்து விற்கிற சங்கம். நான் அங்கே பெருக்கித் துடைத்துத் தண்ணீர் பிடித்து வைக்கிறவள். வேதா அடி அண்ணாமலை ஊர்ப் பெண். மூட்டைக்குச் சீட்டு எழுதும் தினக்கூலி. எழுபத்தேழாம் வருஷம் அவளை மூணு மாசம் தமிழ் டைப் படிக்க மெட்ராசுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷத்துக்குள் பெரிய ஆபீசிலிருந்து வந்து பரீட்சை வைப்பார்கள். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் பழையபடி தினக்கூலி என்று உத்தரவு. அப்பா இல்லாத வீடு. பின்னால் இரண்டு தங்கச்சிகள்.

அவள் மெட்ராசில் இருக்கும்போதே டைப் மெஷின் வந்து இறங்கிவிட்டது. ஆயுத பூஜை சமயம். ஹெட் கிளார்க் சகாதேவன் சார் அதைப் பூஜையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மறுநாள் விஜயதசமிக்கு அதில் ஒரு வரியாவது அடித்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. அடிக்கத் தெரிந்தவளோ மெட்ராசில்.

வேதா திரும்பி வந்து கேட்டாள். "சார், மெஷினை எறக்கிக் குடுங்க."

"எப்படிம்மா? அது இன்னும் பூஜையில இருக்குதே. அடுத்த விஜயதசமிக்கு எடுத்துக்கலாம்."

"ஒரு வருஷம் ஆவுமே சார்!"

"சாமி விஷயத்துல அவசரப்படாதே. அதுவரைக்கும் கையால எழுது. உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்குது."

அடுத்த விஜயதசமியும் வந்தது. சகாதேவன் சாருக்குப் பங்காளி வீட்டில் சாவு. தீட்டோடு தொடக் கூடாது, வேறு யாரையும் தொட விடவும் மாட்டார். மெஷின் அலமாரி உச்சியில் மாலையோடு உட்கார்ந்திருந்தது.

இதற்குள் மூட்டை கொண்டுவந்த இருசப்பன், மெஷினுக்கு முன்னால் ஒரு கை மணிலா வைத்து, மகளுக்கு வரன் அமையணும் என்று கும்பிட்டுப் போனான். தை மாசம் வரன் அமைந்துவிட்டது. அப்புறம் கேட்பானேன்! வந்தவர்கள் எல்லாம் மூட்டையை இறக்குமுன் மெஷினைக் கும்பிட்டார்கள். நானும்தான் வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம் காட்டினேன். பொய் சொல்லக் கூடாது.

வேதா மேசையில் சாக்பீசால் டைப் எழுத்து வரிசைப்படி கட்டம் போட்டு, அதன்மேல் தினம் ஒரு மணி நேரம் விரல் ஓட்டுவாள். "அக்கா, மேசையைத் துடைங்க, இந்தக் கட்டத்தை மட்டும் அழிச்சிடாதீங்க."

கிளார்க் பரசுராமனுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா வேதா, மேசைக்குக் கால் பிடிச்சு விடறியா?"

"ஆமாம் சார். உங்களை மாதிரி தூங்க மாட்டேங்குது பாருங்க."

இரண்டு வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கும்போது, ராமதாஸ் என்கிற அதிகாரி பரீட்சைக்கு வந்துவிட்டார். சகாதேவன் சார் கையைப் பிசைந்தார்.

"சார், மெஷின் பூஜையில இருக்குதுங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமாங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எறக்குய்யா. எனக்குப் பன்னெண்டு மணிக்கு பஸ்" என்றார்.

சகாதேவன் சார் தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறக்கினார். எங்களையும் எழுந்து நிற்கச் சொன்னார். அதிகாரியும் என்ன நினைத்தாரோ, எழுந்து நின்றார். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாம் காய்ந்த சந்தனம். வேதா குனிந்துகூடப் பார்க்காமல் கடகடவென்று அடித்தாள். அதிகாரி தாளை உருவினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஒண்ணுமே விழலையேம்மா!"

ரிப்பன் காய்ந்து சருகாகியிருந்தது. ஊரில் வேறு ரிப்பன் வாங்கி வர நேரமில்லை. அண்ணாமலையாரே, இந்தப் பெண்ணைத் திரும்ப மூட்டைக்கு அனுப்பிடாதே என்று நான் கை கூப்பினேன். இந்தத் தடவை மெஷினைக் கும்பிடவில்லை.

வேதா பதறவில்லை. "ஒரு கார்பன் தாள் குடுங்க சார்" என்றாள். ரிப்பனை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் தாளின்மேல் மைப் பக்கம் படுகிற மாதிரி கார்பனை வைத்து, இரண்டையும் சேர்த்து மாட்டினாள். திரும்ப அடித்தாள். நிமிஷத்துக்கு முப்பத்திநாலு வார்த்தை. ஒரு பிழை இல்லை.

வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனால் அதிகாரி தன் குறிப்பில், மெஷின் புதுசு போலவே காப்பாற்றப்படுகிறது என்றும் எழுதிவிட்டார். சகாதேவன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "ரிப்பனே இல்லாம எழுத்து விழுந்துச்சே, சாமி இல்லாம இன்னா?" என்று புது மாலை போட்டு, பழைய இடத்திலேயே ஏற்றிவிட்டார். விஜயதசமிக்கு ஒரு வரி மட்டும் அடிக்கலாமாம். வேதா மறுபடியும் கையால் எழுதினாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, செங்கம் சங்கத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டாள். அதையும் கையால்தான்.

கிளம்புகிற அன்று விபூதி பூசிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். "பழக்கமில்லாத ஊரு, தனியா இருந்துக்குவியா கண்ணு?" என்று கேட்டேன். நெற்றியைக் காட்டிக்கொண்டே பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"அங்க மெஷின்ல மூணு எழுத்து உடைஞ்சிருக்குதாம்க்கா. அதுக்கே நாலு பேர் முட்டி மோதிக்கறாங்களாம். சீக்கிரம் பூசுங்க, நான் போய் எடம் பிடிக்கணும்."