காதளவு கொலர்

ஜோக்கிமுக்கு அழுகை வந்தால் தலை குனிந்துவிடும். தாய் செத்த செய்தி வந்தபோதும், மகள் றஜிதா மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கியபோதும் மனுசன் தன் கால் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னார் பேசாலையிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து எத்தனையோ வருசம். அவருடைய கண்ணீரை ஒருத்தரும் கண்டதில்லை. அப்படி ஒரு வீம்பு!

றஜிதாவின் கல்யாணத்துக்குச் சில நாள் இருக்க, வேலைவீட்டில் யன்னல் துடைத்தவர் ஏணியிலிருந்து விழுந்தார். மாதா புண்ணியத்தில் எலும்பு தப்பியது. ஆனால் நாடியை நிமிர்த்தித் தாங்கும் பிளாஸ்ரிக் பட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டி, கழற்றவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தக் கோலத்தோடை நான் கோயிலுக்கு வரமாட்டன். என்ரை தம்பி றோபேட் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும்," என்றார் ஜோக்கிம்.

"நீங்கள் வராட்டி நான் வாசலைத் தாண்டமாட்டன்," என்றாள் றஜிதா. தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

ஜோக்கிமின் மனைவி அற்புதமலர், பழங்கால நடன விழாக்களுக்கு உடுப்பு வாடகைக்கு விடும் கடையில் துப்புரவு வேலை செய்கிறார். அடுத்த நாள் அங்கே தூசு தட்டப் போனவர் உடுப்பு மாட்டிய ஒரு பொம்மைக்கு முன்னால் நின்றுவிட்டார். காது வரை ஏறிய வெள்ளைக் கொலர். அதைச் சுற்றி நாடியை முட்டும் அகலமான கறுப்புப் பட்டு. கழுத்து மருந்துக்கும் தெரியவில்லை.

இருநூறு வருசத்துக்கு முந்திய கனவான்கள் இப்படித்தான் கட்டுவார்கள், தலையைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடு திரும்புவார்கள் என்று கடைக்கார இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, சிரித்தார்.

"என்ரை மனுசனும் இப்ப அப்பிடித்தான் திரும்புறார்!" என்றார் அற்புதமலர். கதையைக் கேட்ட சிஞ்ஞோரா கொலரையும் பட்டுத்துணியையும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்தன்று பிளாஸ்ரிக்குக்கு மேலே கொலர் ஏறியது, பட்டு சுற்றியது. கண்ணாடியைப் பார்த்த ஜோக்கிமுக்கு மீசைக்குள் சிரிப்பு.

"பகிடி பண்ணுவினமோ?"

"உங்களைத்தான் பார்ப்பினம், மாப்பிள்ளையை ஒருத்தரும் பார்க்கமாட்டினம். நடவுங்கோ," என்றார் அற்புதமலர்.

கோயிலில் அவருக்குத் தன் கால் தெரியவில்லை. றஜிதாதான் கையை இறுக்கிப் பிடித்து, "படி வருது அப்பா... இன்னொரு படி," என்று பீடம் வரை கூட்டிப்போனாள். அங்கே அவள் கையை மாப்பிள்ளை யசிந்தனின் கையில் வைத்தார். வழக்கம்போலக் குனியப் பார்த்தார், கொலர் விடவில்லை. சனமெல்லாம் பார்க்க, கண்ணீர் கன்னத்தால் வழிந்து கறுப்புப் பட்டில் இறங்கியது.

"அப்பா, அழுறியளோ?"

"இல்லையடி. கொலர் இறுக்குது."

"இறுக்கட்டும்," என்றாள் றஜிதா. துடைக்கப் போன அவருடைய கையையும் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்கோ, நான் பார்க்கோணும்."