டாக்டரம்மாவின் கார் குடித்த எண்ணெய்

கார் நகர்ந்ததும் பின்னால் நீலப் புகை எழும்பும். திரும்பிப் பார்த்தால் திண்டிவனத்தில் எங்கள் ஆஸ்பத்திரி வாசலே அதற்குள் மறைந்திருக்கும். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியை மூட்டி பஸ் ஓட்டிய நாட்கள் அவை. புகை விடாத வண்டியைப் பார்த்தால்தான் ஆச்சரியம். அதனால் டாக்டரம்மாவின் கார் புகைந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று என் பேரன் வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதோடு சரி, நடுவில் மூடியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் காரோ கைக்குழந்தை பாலுக்கு அழுவதுபோல ஆயில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் அங்கே நர்ஸாக இருந்தேன். பிரசவ வலி என்று எந்த ஊரிலிருந்து ஆள் வந்தாலும் டாக்டரம்மா தன் சொந்தக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கறாரான மனுஷி. பட்டணத்தில் படித்தவர், எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டால் முதலில் புருவம்தான் உயரும். காரை ஓட்டியவரை நான் டிரைவரண்ணன் என்று கூப்பிடுவேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நான் கேலி செய்யும் அளவுக்குப் பேசாத மனிதர். மனைவி ஊரார் நிலத்தில் கூலிக்குப் போவாள். மூன்று பிள்ளைகள்.

என்ஜின் ஆயில் அப்போது பர்மிட்டில்தான் கிடைக்கும். மாதம் முழுக்க வரவேண்டிய டப்பா பாதியிலேயே காலியாக ஆரம்பித்தது. பஸ்காரர்கள் என்ன விலை கொடுத்தும் ஆயில் வாங்கத் தயாராக இருக்கிறார்கள் என்று யாரோ டாக்டரம்மாவின் காதில் போட்டார்கள். போதாததற்கு, கார் ஷெட்டிலிருந்து டிரைவர் துணி சுற்றிய பாட்டிலோடு போவதைப் பார்த்ததாக கம்பவுண்டர் வேறு வந்து சொன்னார். டாக்டரம்மா டிரைவரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்டார். "நான் எடுக்கலம்மா" என்றார் டிரைவரண்ணன். பாட்டிலில் என்ன என்று கேட்டதற்குத் தலை குனிந்துகொண்டார். அந்தத் தலைகுனிவுதான் அவருக்கு எமனாக வந்தது.

"விழுப்புரம் போய் மேஸ்திரிகிட்ட வண்டியைக் காட்டுவோம். இன்ஜின்ல கோளாறு இல்லைன்னு அவர் சொல்லிட்டா, அங்கேயிருந்தே உன்னைப் போலீஸ்ல ஒப்படைச்சுட்டுத்தான் வருவேன்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை, தன்னைச் சிறைக்குக் கொண்டுபோகப் போகிற காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார் அந்த மனிதர். பின்சீட்டிலிருந்து பார்த்தால் அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது; வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இவர் திருடியிருக்க மாட்டார் என்று மனசு சொன்னது, ஆனால் அதை வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் என்ன வாதாட முடியும்?

விழுப்புரத்தில் மேஸ்திரி முதலில் வண்டிக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்து என்ஜினை ஓடவிட்டார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. டாக்டரம்மா டிரைவரண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் தீர்ப்பு வந்துவிட்டது. பிறகு மேஸ்திரி என்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றினார். அது எண்ணெயில் ஊறிக் கருத்திருந்தது. வண்டியின் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டு என்ஜினைச் சுற்றினார். இறுக்கமே இல்லாமல் லொடலொடவென்று சுற்றியது. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுற்றினார். இப்போது கைப்பிடி இறுகி, நின்று நின்று நகர்ந்தது.

"வெளிய எங்கயும் போவலீங்கம்மா. என்ஜினே குடிக்குது. பிஸ்டன் ரிங்குதான் போயிருக்கணும், பிரிச்சிப் பாக்கணும்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. திருட்டு இல்லை என்று ஆகிவிட்டதே. டிரைவரண்ணன் முகத்தைப் பார்த்தேன். அது முன்னைவிட வெளுத்திருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பிரித்து முடிக்கப் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி ஒரு பிஸ்டனை வெளியே எடுத்து, அதன் வளையங்களை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பழுப்பு நிறப் பிசுக்கை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இது மல்லாட்ட எண்ணெங்க, கடல எண்ணெ. சூட்டுல காஞ்சி ரிங்கெல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கினு கெடக்குது. ரிங்கு அசைஞ்சாத்தான் ஆயில வழிச்சிக் கீழ தள்ளும். இல்லன்னா அத்தினியும் மேல ஏறி எரிஞ்சிடும். யாரு ஊத்தனது இத?"

"நாந்தாங்க" என்றார் டிரைவரண்ணன். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். அன்று அவர் பேசியதுபோல் நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஆயில் சுத்தமா தீந்துபோச்சிம்மா. பிரம்மதேசம் கிராமத்திலேர்ந்து பிரசவம்னு ஆளு வந்து அழுதுக்கினு நின்னாரு. வண்டிய எடுக்காம எப்டி? வூட்டுல மல்லாட்ட எண்ணெ இருந்திச்சி, கொணாந்து ஊத்தனேன். ஓடிச்சி. அப்பறம் கொறையறப்பல்லாம் ஊத்தனேன். ஊத்த ஊத்த ஜாஸ்தியா குடிச்சிது. சொன்னா வண்டியக் கெடுத்துட்டன்னு அனுப்பிடுவீங்களோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

பாட்டிலைப் பார்த்த கம்பவுண்டர் அது நிறைந்திருந்ததா காலியா என்று பார்க்கவில்லை. வீட்டிலிருந்து நிறைந்து வந்த பாட்டில், காலியாகத்தான் திரும்பிப் போயிருக்கிறது.

டாக்டரம்மா டிரைவரண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அப்போ வீட்டுல சமையலுக்கு?"

"வூட்டுக்காரி கூலியா வாங்கியாந்த மல்லாட்டம்மா, செக்குல ஆட்டின எண்ணெ அவ்ளோதான். கொழம்பத் தாளிக்காமயே எறக்கிடுவா. எங்களுக்குப் பழகிப்போச்சி. சின்னது மட்டும் வாசனையே இல்லன்னு சோத்தத் தள்ளிடுது."

"மன்னிச்சிடுங்க" என்றார் டாக்டரம்மா. டிரைவரண்ணன் மேஸ்திரி பக்கம் திரும்பி, "வண்டி ஓடுமில்லீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஓடியது. வளையங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிசுக்கைச் சுரண்டி, உடைந்தவற்றுக்கு வேறொரு பழைய காரிலிருந்து எடுத்து மாட்டிக் கொடுத்தார் மேஸ்திரி. ஆனாலும் பர்மிட் ஆயில் போதாமல் ஒரு நாள் டப்பா மறுபடி காலியானது. அன்றைக்கென்று பிரம்மதேசத்திலிருந்து ஆள் வந்தது. டிரைவரண்ணன் தயங்கியபடி வந்து விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. கூண்டு வண்டி கொண்டுவரச் சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மாட்டை ஓட்டியவரும் டிரைவரண்ணன்தான். வைக்கோல் குத்த, இடுப்பு ஒடிய நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

ஊர் எல்லை தாண்டியதும் டாக்டரம்மா கேட்டார்: "சின்னது இப்போ சாப்பிடுதா?"

"சாப்புடுதும்மா" என்றார் அவர்.