எழுபத்தொரு முதலிடங்கள்

இந்த மே மாதம் எங்கள் அச்சகத்துக்கு வந்த பள்ளிக்கூட ஆர்டரில் எழுபத்தொரு முகங்கள் இருந்தன. ஏதாவது ஒரு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள். எல்லா முகமும் ஒரே போஸ்டரில் வரவேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருக்கவேண்டும், எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வரக்கூடாது. எழுபத்தொன்று என்ற எண்ணை நீங்கள் எப்போதாவது கட்டம் கட்டமாக அடுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? எதனாலும் வகுபடாத முரட்டு எண் அது. வரிசைக்கு எட்டு என்று ஒன்பது வரிசை போட்டால், கடைசியில் ஒரு கட்டம் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது.

முதலாளி அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, அம்புட்டுப் பேரும் அடங்குவாகளா?"

"அடங்குவாக அண்ணாச்சி. தலைமுடியக் கொஞ்சம் வெட்டணும்."

"முடிய வெட்டு, காத வெட்டிராத. போன வருசம் ஒருத்தன் காது இல்லன்னு அவுக அப்பா வந்து நின்னாரு."

ஆர்டரோடு வந்த குறிப்பில் ஒரு வரி இருந்தது. எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்பதால் படங்களைப் பிறந்த தேதிப்படி அடுக்கவும், வயதில் மூத்தவர் முதலில். அந்த வரியைப் படித்ததும் மவுஸில் இருந்த என் கை நின்றுவிட்டது. பக்கத்து அறையில் ரோலர் கழுவும் மண்ணெண்ணெய் வாசமும் மையின் வாசமும் வந்துகொண்டிருந்தன. அவற்றோடு சேர்ந்து வளர்மதியும், இருக்கன்குடிக் கோயில் திருவிழாவும், எங்கள் அம்மாக்களின் சண்டையும் வந்துவிட்டன. எதற்கு எது சொந்தம் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளர்மதியும் நானும் ஆமத்தூர் பக்கம் ஒரே ஊர், ஒரே தெரு. இரண்டு பேரின் அம்மாக்களும் எம். புதுப்பட்டியில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போடும் பிரிவில் வேலை பார்த்தார்கள். பத்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அங்கே எங்கள் கணக்கு டீச்சர் மார்க் போடுவதில் மகா கஞ்சம். விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு படியைத் தாண்டியிருந்தால் அரை மார்க்கைப் பிடுங்கிவிடுவார். காலாண்டில் வளர்மதி தொண்ணூற்றொன்று, நான் எண்பத்தெட்டு. அரையாண்டில் நான் தொண்ணூறு, அவள் எண்பத்தாறு. பேப்பர் கொடுத்த நாளில் வீடு வரும் வரைக்கும் வாய் ஓயாது.

"உனக்கு எங்கடீ போச்சு?"

"வட்டத்துல. நீ?"

"நான் இணைகோடுன்னு எழுதாம விட்டுட்டேன். பாவி, ரெண்டு மார்க்கு!"

அழவும் செய்திருக்கிறோம். ஆனால் எது எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த பரீட்சைக்கு அங்கே போய் எடுத்துக்கொண்டு வரலாம்.

பதினொன்றாம் வகுப்புக்கு டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்தது. அங்கே போனதும் எங்கள் ஏற்ற இறக்கம் நின்றுபோனது. அந்தப் பள்ளிக்கூடத்தின் விதி அப்படி. வகுப்புத் தேர்வில் குறைந்தால் அதே கேள்வித்தாளை மறுபடி எழுதலாம், மறுபடியும் எழுதலாம், எதில் கூடுதலோ அதுதான் கணக்கு. குறைந்த பேப்பர் குப்பைக்குப் போய்விடும். செய்முறைத் தேர்வுக்கு இருபது மார்க், எல்லோருக்கும் இருபது. பள்ளிக்கூடமே போடும் அகமதிப்பீட்டு மார்க் பத்து, எல்லோருக்கும் பத்து. ஆக, பரீட்சை ஹாலுக்குள் காலை வைக்கும் முன்பே இயற்பியலிலும் வேதியியலிலும் முப்பது முப்பது எங்கள் பையில் இருந்தது. சோம்பேறித்தனமாகப் படித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். விடிவதற்கு முன்பே எழுந்து படித்தோம். படித்த கேள்வியையே படித்து, எழுதியதையே எழுதி, கடைசியில் கை தானாக ஓடும் அளவுக்கு வந்துவிட்டோம்.

நான் ஒரு பருவத் தேர்வில் நூறு வாங்கிய பேப்பரை அம்மாவிடம் காட்டினேன். அம்மா பள்ளிக்கூடம் போனவரில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருமே போகவில்லை. ஆனால் நூறு என்ற எண் அவருக்குத் தெரியும். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வளருக்கு எம்புட்டு?"

"நூறு."

"அந்த மேலத் தெருப் புள்ளைக்கு?"

"அதுக்கும் நூறுதான்."

"அப்படியா? சரி, தள்ளுபடி போக எம்புட்டு?"

கேட்டுவிட்டு அம்மா அவர் பாட்டுக்குச் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது; அன்று இரவு சாப்பிடவில்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கேலி உடனே புரியும். பட்டாசுப் பெட்டியில் ஒரு விலை அச்சடித்திருக்கும், அதை யாரும் கொடுப்பதில்லை. எண்பது சதவீதம் தள்ளுபடி என்று பெரிதாகப் போட்டு, தள்ளுபடி போக வருவதுதான் விலை. இப்போது அந்த விலைப்பட்டியலை வடிவமைப்பவளே நான்தான். சீசன் வந்தால் ஒரு கடைக்காரர் எண்பது என்று போடச் சொல்வார். மறுநாள் அடுத்த கடைக்காரர் வந்து, "அவன் எண்பதுன்னா நமக்கு எண்பத்தஞ்சு போடும்மா" என்பார். தள்ளுபடியைக் கூட்டவேண்டும் என்றால் முதலில் அச்சடித்த விலையைக் கூட்டவேண்டும். நிஜ விலையை மட்டும் போட்ட ஒரு கடைக்காரரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கடையில் ஈ கூட மொய்க்கவில்லை.

நான் சொல்லவந்தது பிறந்த தேதியை அல்லவா.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. கணக்கில் எனக்கும் நூறு, வளருக்கும் நூறு. மொத்தமும் இரண்டு பேருக்கும் ஒன்றே. பள்ளிக்கூடப் போஸ்டரில் எங்கள் இரண்டு முகமும் தீப்பெட்டிச் சீட்டு அளவில் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. இரண்டு பேருமே ஒரே கல்லூரியில், அரசு உதவி பெறும் பிரிவில், கணிதத்துக்கு விண்ணப்பித்தோம். அந்தப் பிரிவில் கட்டணம் பெயருக்குத்தான். பட்டியல் மேலிருந்து கீழே இறங்கி வந்து எங்களிடம் நின்றபோது ஒரே ஒரு இடம் மிச்சம். ஒரே மதிப்பெண் இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை என்று விதி. மாற்றுச் சான்றிதழைப் பார்த்தார்கள். நான் சில நாட்கள் மூத்தவள். இடம் எனக்கு.

வளர் அதே கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் மதிய வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய அம்மா அந்தக் கட்டணத்துக்காக மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி வேனில் ஏறினார். எனக்கு இடம் கிடைத்ததில் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. ஆனால் பெருமைக்கு அடியில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது: எங்கள் இரண்டு பேரில் யார் முதல்?

அந்த வாரம் அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டு என்னோடு வளர் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில், "நல்ல வேளை, அன்னைக்கு எட்மாஸ்டர் தேதிய முந்திப் போட்டாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். கம்பெனி வேன் காலையில் ஏழு மணிக்கெல்லாம் தெருமுனைக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகமுடியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் நிம்மதி. அதற்கு ஐந்து வயது முடிந்திருக்கவேண்டும். எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று எதையும் யாரும் போய் வாங்கி வைத்திருக்கவில்லை. தலைமையாசிரியர், "என்னைக்கும்மா பொறந்தா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "ஆடியில சார்" என்றிருக்கிறார். "ஆடின்னா சேக்க முடியாதே. வைகாசின்னு போட்டுக்கிருவமா?" "போடுங்க சார், ஒங்களுக்கு எது தோதோ அதப் போடுங்க."

வளரின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அடி ஆத்தி, எனக்கும் அதே கததான்! ஒனக்குப் பின்னாடி வரிசையில நான்தான நின்னேன்?"

ஆக, முன்னால் நின்றவர் மகளுக்கு முந்திய தேதி, பின்னால் நின்றவர் மகளுக்குப் பிந்திய தேதி. கல்லூரியில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அந்த வரிசை. வளர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "அப்ப நெசமா யாரு மூத்தவ?" என்று அவள்தான் கேட்டாள்.

அம்மாக்கள் இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

"இவ ஆடிக் கடைசி வெள்ளிக்கு மறுநாள். இருக்கன்குடிக்கு நடந்து வாரேன்னு நேந்துட்டு, வயித்தோட போக முடியாம வீட்டுல கெடந்தேன்."

"அந்த வெள்ளிக்கு எங்க வீட்டுக்காரரு போய் பொரிகடல வாங்கிட்டு வந்தாரு, அக்கா. அப்ப இவ தொட்டில்ல கெடந்தா."

"அது முந்தின வருசமா இருக்கும்."

"முந்தின வருசம் எனக்குக் கல்யாணமே ஆகல, வாயக் கழுவுங்க!"

"அப்ப அது தை வெள்ளி. தையிலயும்தான் அங்கன கூட்டம்."

பொரிகடலை வாங்கிவந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, "பொரிகடல வாங்குனது நெசம்" என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. அதிரசம் தீர்ந்தது, கேள்வி தீரவில்லை. யார் நன்றாகப் படித்தவள் என்று மார்க்குக்குத் தெரியவில்லை. யார் மூத்தவள் என்று தேதிக்கும் தெரியவில்லை.

இப்போது வளர்மதி டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் இங்கே கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுபத்தொரு முக ஆர்டர் அவள் பள்ளிக்கூடத்தினுடையதுதான். அன்று மதியம் புரூஃப் பார்க்க அவளே வந்தாள். பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள், பிறந்த தேதி வரிசையைப் பார்த்ததும் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"இதுல நெசமா முதல் ஆள் யாருடீ?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்துன்னு நாந்தான் போட்டேன்."

"ஒருத்தருக்காவது எட்டு போட்டிருக்கலாம்ல?"

"போட்டேன், வந்த முதல் வருசம். ஒரு புள்ளைக்கு, நியாயமான எட்டு. அடுத்த பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பேருக்கும் பத்து போட்டிருந்தாக. காலேஜ் பட்டியல்ல என் புள்ள ரெண்டு மார்க்குல வெளிய நின்னுச்சு. அவுக அம்மா என்னைய ஒரு வார்த்த திட்டல புள்ள, வாசல்ல வந்து நின்னாக, அம்புட்டுத்தான். அதுலருந்து பத்துதான்."

எண்பதுக்கு எதிராக எண்பத்தைந்து போட்ட கடைக்காரர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். ஒருவர் மட்டும் எப்படிக் குறைப்பது?

மெஷினில் பிளேட் மாற்றிக்கொண்டிருந்தார்கள், கொஞ்சம் நேரம் இருந்தது. திடீரென்று எனக்கு ஓர் ஆசை வந்தது. கழிவுத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "எனக்கு ஒரு கணக்கு குடு. நம்ம டீச்சர் மாதிரித் திருத்து. தயவு தாட்சண்யம் கூடாது."

அவள் சிரித்துவிட்டு, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் நூற்றெண்பது பாகை என்று நிறுவச் சொன்னாள். முக்கோணம் வரைந்தேன், உச்சியில் ஒரு கோடு போட்டேன், எழுதினேன். எவ்வளவோ நாளாயிற்று. அவள் சிவப்புப் பேனாவை எடுத்துப் பத்துக்கு ஏழு போட்டாள்.

"ஏழா? எங்கடீ போச்சு?"

"இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமம்ங்குற. ஏன் சமம்? ஒன்றுவிட்ட கோணங்கள்னு எழுதணுமா வேண்டாமா? அதுக்கு ரெண்டு போச்சு. அப்புறம் மேல போட்ட கோடு அடிப்பக்கத்துக்கு இணைகோடுன்னு எங்க எழுதியிருக்க? பத்தாம் வகுப்புல விட்டத இன்னும் விடுற."

"சரி, இப்ப ஒனக்கு நான் குடுக்கேன்" என்று திரையைக் காட்டினேன். எழுபத்தொரு முகம், ஒரே அளவு, ஓட்டை தெரியக்கூடாது. கன்னத்தில் பேனாவை வைத்து யோசித்தவள், எட்டுக்கு ஒன்பது கட்டம் வரைந்து, காலிக் கட்டத்தைக் கடைசியிலிருந்து தூக்கி நடுவரிசைக்குக் கொண்டுபோய், அதில் பள்ளிச் சின்னத்தை வைத்தாள். பார்த்தால் சின்னத்தைச் சுற்றித்தான் எல்லா முகமும் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. காலையிலிருந்து எனக்குத் தோன்றாதது. பேனாவை வாங்கி எட்டு போட்டேன்.

"ஏ, ஏன் ரெண்டு கொறச்ச?"

"ஒங்க தாளாளர் படத்துக்கு இடம் எங்க? அவரு படம் இல்லாம போஸ்டர் அடிச்சா நாளைக்கு ஒனக்கு வேல இருக்குமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்து, என்ன சத்தம் என்றார். "ரிசல்ட் வந்துருச்சு அண்ணாச்சி" என்றேன். எட்டு, ஏழு. எத்தனையோ வருடம் கழித்து அன்று மதியம் தெரிந்தது: ஒரு மார்க்கில் வளர்மதி முதல். அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தோற்ற மாதிரியே இல்லை. போன மூன்று மார்க்கும் எங்கே கிடக்கிறது என்று தெரிந்த சந்தோஷத்தில், அவளை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

போஸ்டர் அச்சாகி, இப்போது டவுன் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. எழுபத்தொரு பிள்ளைகள், சின்னத்தைச் சுற்றி, பிறந்த தேதி வரிசையில் சிரிக்கிறார்கள். வேலைக்கு வரும்போது தினமும் அதைக் கடந்துதான் வருகிறேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முகங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், உனக்கு எங்கே போச்சு, எனக்கு எங்கே போச்சு என்று பேசிக்கொண்டே போக, அவர்களுக்கு நடுவில் ஒரு மார்க் வித்தியாசம்கூட இல்லை.