அம்மா ஜெயிக்கும் ஆட்டங்கள்

என் அம்மாவின் மறதியை நான் மறைத்தேன். அவள் ஜெயிக்கக்கூடிய ஆட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவள் அடுப்பைத் தொடத் தேவையில்லாத தின்பண்டங்களை மட்டும் வாங்கி வைத்து, அண்ணனின் கண்முன்னாலேயே மறைத்தேன்.

நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைத் திட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அண்ணன் திட்டமாட்டான், அழுவான்... அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், ரதவீதிக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா இல்லை. அண்ணன் சங்கரன் மதினியோடும் பாப்பாவோடும் சென்னையில். நான் அம்மாவுடன் இருந்து, வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்த்தேன். சோதனைப் பிரிவு. ஒரு நிரல் எந்த இடத்தில் உடையும் என்று தேடி, அந்த இடத்திலேயே தட்டிப் பார்ப்பதுதான் என் தொழில்.

அந்தக் கார்த்திகையில் அம்மா முறுக்குச் சுடுவதற்காக எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் பூக்காரியிடம் பேசப் போனாள். பேசி முடித்துவிட்டுத் திரும்பி வந்து தொலைக்காட்சி பார்க்க உட்கார்ந்தாள். நான் அறையிலிருந்து ஓடி வந்தபோது அடுப்படியெங்கும் புகை. "யாரு அடுப்பப் பத்த வச்சா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்!

மருத்துவரிடம் அழைத்துப் போனேன். தலைக்கு ஸ்கேன் எடுத்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடிக்கணினிப் பையின் உள்ளறையில் வைத்தேன். கருகிய சட்டியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அதே வாரம்தான் பெங்களூரில் எனக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. நேரில் வந்து சேர வேண்டும். அம்மாவுக்கு நோய் என்று உறுதியானால், கல்யாணமாகாத மகள்தான் வீட்டில் இருப்பாள் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிடும். அம்மா நன்றாக இருக்கிறாள் என்றால்... சென்னைக்குப் போய்ப் பாப்பாவைப் பார்த்துக்கொள்வாள். மதினி மறுபடி வேலைக்குப் போவாள். நானும் போகலாம்.

அண்ணன் பொங்கலுக்கு வந்தது அதைப் பேசத்தான். ஆனால் போனில் அம்மா ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டது அவனை உறுத்தியிருந்தது. "நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுதேன்" என்றான்.

பொங்கல் விடுமுறையில் ஒரு சாயங்காலம் நாங்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து விளையாடுவது வழக்கம். என்ன ஆட்டம், என்ன தின்பண்டம் என்று பட்டியல் போடுவது எப்போதும் என் பொறுப்பு. பட்டியல் என்றால் கோமுதான் என்பார்கள்.

அந்த முறையும் போட்டேன். சீட்டு வேண்டாம், எது இறங்கியது, எது இறங்கவில்லை என்று அம்மாவால் நினைவில் வைக்க முடியாது. எழுத்தைச் சொல்லிப் பெயர், ஊர், பொருள் எழுதும் ஆட்டமும் வேண்டாம். தாயம் இருக்கட்டும். பல்லாங்குழி இருக்கட்டும். இரண்டும் அம்மாவின் கையில் ஐந்து வயதிலிருந்தே இருப்பவை. மூளை மறந்தாலும் விரல் மறக்காது. முந்தின நாள் மத்தியானம் அவளோடு தனியே ஆடிச் சரிபார்த்துக்கொண்டேன்... ஆம், ஒத்திகை!

தின்பண்டத்துக்கும் அதே கணக்குத்தான். முறுக்கு, பஜ்ஜி, சுசியம் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்தேன். அல்வாவும் மிக்சரும் கடையில். பனங்கிழங்கை நானே காலையில் அவித்து நார் உரித்து வைத்துவிட்டேன்.

"அம்மா கைமுறுக்கு இல்லாம என்னட்டி பொங்கல்?" என்றான் அண்ணன், வந்ததும்.

"நான் என்னல செய்ய? இவ என்ன அடுப்புப் பக்கமே விடமாட்டேங்கா. மாமியாக்காரி கெணக்கா அதிகாரம் பண்ணுதா" என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள்.

தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டேன். அம்மா பித்தளைத் தாயக்கட்டைகளை உள்ளங்கையில் உரசினாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முகமே மாறியது. தாயம், ஐந்து, மறுபடி தாயம். அண்ணனின் காயை இரண்டு முறை வெட்டினாள்.

"ஏலே, எங்கிட்டயா வெளாடுத? பைய நகத்து. இங்கன வந்தா வெட்டுவேன்னு தெரியாதா?"

நடுவே மதினியிடம், "பாப்பாக்குப் பால் குடுத்தாச்சா?" என்றாள். "குடுத்தாச்சு அத்தை." ஆட்டம் ஒரு சுற்று போனது. "பாப்பாக்குப் பால் குடுத்தாச்சா?" மதினி நிமிர்ந்தாள். நான் முந்திக்கொண்டேன். "குடிச்சிட்டு ஏப்பமும் விட்டாச்சும்மா. நீ பேச்ச மாத்தி எங்கள ஏமாத்தாத, உருட்டு!"

அண்ணன் சிரித்தான். மதினி சிரிக்கவில்லை.

தாயம் முடிந்ததும் அவள் எழுந்தாள். "அத்தை, எங்க ஆபீஸ்ல ஒரு ஆட்டம் வெளாடுவோம். தட்டுல பத்துச் சாமான் வச்சு, பாத்ததும் மூடிரணும். என்னென்ன இருந்துச்சுன்னு சொல்லணும். வெளாடுவமா?" அடுப்படிக்குப் போய் ஒரு காலி எவர்சில்வர் தட்டோடு வந்தாள்.

சந்தேகப்பட்டாளா, விளையாட்டாகத்தான் கேட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கவில்லை... சிரித்துக்கொண்டே வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்து, அல்வா முழுவதையும் அதில் கொட்டினேன்.

"மொதல்ல இதச் சாப்பிடுங்க மதினி. ஆறிட்டா நல்லாருக்காது."

அவ்வளவுதான். அடுத்து பல்லாங்குழி. அதிலும் அம்மா ஜெயித்தாள்.

மறுநாள் காலை அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டான். "நீதான கூட இருக்க. சொல்லு, அம்மாக்கு வேற ஒண்ணும் இல்லல்லா?"

"தாயத்துல ஒன்ன அந்த வெட்டு வெட்டுனா. அப்பறமும் கேக்கியா?"

நேராகப் பொய் சொல்லவில்லை என்று அன்று சமாதானம் செய்துகொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

அம்மா சென்னைக்குப் போனாள், மதினி வேலைக்குப் போனாள், நான் பெங்களூருக்குப் போனேன். எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகல். அண்ணனின் அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் பாப்பாவும் மட்டும். அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்கினாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திரும்பி ஏற அவளுக்கு வீடு தெரியவில்லை. காவலாளி கேட்டதற்கு எங்கள் திருநெல்வேலி வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னாளாம். அந்த எண்ணில் அங்கே வீடே இல்லை. அழுகுரல் கேட்டுப் பக்கத்து வீட்டார் கதவை உடைத்தபோது, இரண்டரை வயதுப் பாப்பா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பாத்திரத்தைத் தொட்டிருந்தாள்.

இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக நிமிரவில்லை.

நான் பெங்களூரிலிருந்து ஓடினேன். மருத்துவமனையில் அம்மாவையும் பரிசோதித்தார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று மருத்துவர் கேட்டார். அண்ணன் சொன்னான்: "பொங்கலுக்குக்கூட எங்க எல்லாரையும் தாயத்துல ஜெயிச்சாங்க டாக்டர். நல்லாத்தான் இருந்தாங்க. இங்க கூட்டிட்டு வந்து வேலை வாங்கி நான்தான் கெடுத்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு கோமு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மதினி வேலையை விட்டாள். அம்மாவையும் பாப்பாவையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் பெங்களூரில் இருக்கிறேன். திருநெல்வேலி மருத்துவர் எழுதிய ஸ்கேன் சீட்டு இன்னும் என் மடிக்கணினிப் பையில் இருக்கிறது. பையை மாற்றிவிட்டேன், சீட்டையும் மாற்றி வைத்தேன். ஏன் கிழிக்கவில்லை? காட்டுவதற்காகவா? அப்படியென்றால் ஏன் காட்டவில்லை...

இந்தப் பொங்கலுக்கும் எல்லாரும் ஊருக்கு வந்தோம். "ஏட்டி கோமு, அம்மாக்குத் தெரிஞ்ச ஆட்டமா பாத்துப் போடு. அவ மனசு சந்தோசமா இருக்கட்டும்" என்றான் அண்ணன். அதே பட்டியலைப் போட்டேன். அதே தாயம். அதே அல்வா.

பாப்பா இடது கையில் சோழிகளை அடக்கிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, பிள்ளைக்குக் கையில என்னாச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க உருட்டுங்க" என்றாள் மதினி.

"கேக்குதேம்லா? யார நம்பிப் பிள்ளைய விட்டிய?"

அம்மாவின் கண் ஒவ்வொரு முகமாகச் சுற்றி வந்து என்னிடம் நின்றது. பதில் என் தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது.

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். "அல்வா எடுத்துக்கோம்மா."

எடுத்துக்கொண்டாள். வாயில் போட்டுக்கொண்டு கட்டையை உருட்டினாள். தாயம் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.