கோமதி அக்கா சாப்பிட்டுப் பார்த்த வீடுகள்

போன வெள்ளிக்கிழமை காலை, ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் திரைச்சீலைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இலைப்பச்சை நிறம், ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. இதைப் பார்த்தாவது கோமதி அக்கா வாயைத் திறந்து பாராட்டுவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் கணவரின் அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர், போன் செய்தார்.

"கோமதி போயிட்டா வசந்தி. காப்பியக் கையில வாங்குனா, அப்படியே சாஞ்சுட்டா" என்றார்.

துணியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். அழுகைக்கு நடுவே கோபமும் வந்தது. இனிமேல் யாரிடம் காட்டுவதற்காக நான் திரைச்சீலை வாங்குவது?

கோமதி அக்கா எனக்கு ஓரகத்தி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் இரண்டு ஊரிலும் அவரை எல்லாருக்கும் தெரிந்தது வீட்டலங்காரத்தால்தான். புது வீடு, கல்யாண வீடு, பெண் பார்க்க வருகிற வீடு, எதுவானாலும் "கோமதியக்காவ ஒரு எட்டு வரச் சொல்லுங்க" என்பார்கள். எந்தச் சுவரில் எந்தப் படம், எந்த மூலையில் விளக்கு, கூடத்தில் என்ன வாசனை என்று சொல்லிவிட்டு வருவார்.

அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் எதுவும் சொல்ல மாட்டார். "அடுப்பு எரிஞ்சாத்தான வீட்டு வாசம் தெரியும்? அது தெரியாம மேல ஒரு வாசத்த ஊத்துனா ரெண்டும் சண்டை போடும்" என்பார். கருவாடு வறுக்கிற வீட்டுக்கு ஒன்று சொல்வார், நெய் உருக்குகிற வீட்டுக்கு வேறொன்று சொல்வார். இரண்டும் சரியாக இருக்கும்.

இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பார்கள். நானும் நல்லதைத்தான் எழுதுகிறேன். எழுத எழுத வயிறு எரிகிறது. அதை மறைக்க எனக்கு வரவில்லை.

கல்யாணமான புதிதில் எங்கள் வாடகை வீட்டுக்கு முதன்முதலாக வந்தார். பரிசாக வந்த பொம்மைகள், கண்ணாடி அன்னங்கள், பிளாஸ்டிக் ரோஜாக்கள் எல்லாவற்றையும் ஷோகேஸில் அடுக்கி வைத்திருந்தேன். அக்கா சாப்பிட்டார், கை கழுவினார், ஷோகேஸ் முன்னால் வந்து நின்றார். "பாதிய எடுத்து உள்ள வையி வசந்தி. மிச்சத்துக்கு மூச்சு விட எடம் வேணும்லா" என்றார். என் கணவர் உடனே "மதினி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து பொம்மைகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார். என் சாம்பாரையும் சாப்பிட்டுவிட்டு என் ஷோகேஸையும் காலி செய்துவிட்டார் என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். காலியானபின் அது அழகாக இருந்ததுதான் தாங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நானாகத் தேர்ந்தெடுத்து வைத்த ஏதாவது ஒன்றைப் பார்த்து அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ராஜபாளையத்தில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பெயர் அவருக்குப் போய்விடும். மின்சாரத்தில் வாசனைப் புகை விடுகிற மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, லாவண்டர் எண்ணெய் ஊற்றிக் கூடத்தில் வைத்தேன். ஹோமப் புகை, சாம்பிராணி, அடுப்படியிலிருந்து வெங்காய சாம்பார், நடுவில் இந்த லாவண்டர். பக்கத்து வீட்டு அம்மா பாத்ரூம் கழுவிய மாதிரி இருக்கிறது என்று தெலுங்கில் தன் மகளிடம் சொன்னார். எனக்குத் தெலுங்கு புரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அக்கா வந்தார். ஒருவர் கண்ணிலும் படாமல் மெஷினை நிறுத்தினார், கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே நின்ற நார்த்தை மரத்தில் நாலு இலை பறித்துக் கசக்கி ஒரு பித்தளைச் செம்புத் தண்ணீரில் போட்டு வைத்தார். "ஏட்டி, எண்ணெய் ஒசத்திதான். புகையெல்லாம் அடங்குன பொறவு செத்த நேரம் வச்சுப் பாரு" என்று என் காதில் சொன்னார். மறுநாள் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே அருமையாக இருந்தது. பந்திக்கு வந்தவர்களோ அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மகள் நித்யா தனிக்குடித்தனம் போனபோது, மெத்தை உறை, ஜாடி, சுவர்க்கடிகாரம் என்று ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனேன். "பெரியம்மா வந்து சாப்பிடட்டும்மா, பொறவு பாத்துக்கலாம்" என்றாள் நான் பெற்ற பெண். பெரியம்மா வந்தார், சாப்பிட்டார். என் பையிலிருந்து ஜாடியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இது பால்கனிக்கு ஆகும்" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் முழுக்க ஊதுபத்திப் புகை. வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கட்டு கொளுத்தியிருந்தார்கள். போன் செய்த அத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கோமதி இருந்தா இத விடமாட்டா. என்ன செய்யணுமோ நீ செய்யி வசந்தி" என்றார்.

துக்க வீட்டில் அடுப்பு எரிவதில்லை. சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வழியில்லாத வீடு. ஒரு ஊதுபத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வாசலுக்கு அனுப்பினேன். ஜன்னல் திரைகளைக் கழற்றினேன். கோயில் வாசல் பூக்கடைக்கு நானே போய் நின்று, முகர்ந்து பார்த்து, மருக்கொழுந்து வாங்கி வந்து அவர் தலைமாட்டில் ஈரத்துணி விரித்துப் பரப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூடம் தெளிந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பெண் உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "போற அன்னைக்கும் வீட்ட எம்புட்டு நேர்த்தியா வச்சுட்டுப் போயிருக்காக பாருங்க" என்றார்.

"இது நான் வச்சது" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஆமா, அவிய கூடவே இருந்தவிய நீங்க. சொல்லிக் குடுத்திருப்பாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்கா, மருக்கொழுந்து நீங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல. அது என் யோசனை. வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது? உங்களைத் தூக்குவதற்கு முன்னால், நெற்றியில் விழுந்திருந்த ஓர் இலையை எடுக்கிற சாக்கில் குனிந்து, ஏதாவது சொல்வீர்களா என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேரமாகிறது என்று என்னை விலக்கிவிட்டார்கள். போய் வாருங்கள் அக்கா.